லொங்கானை யார் கூட்டுவது?

மலேசியச் சட்டங்களில் 446ஆம் எண் கொண்ட ஒன்று இருக்கிறது. தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டுத் தரத்தையும் வசதிகளையும் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும். ஆனால் பிரிவு பிரிவாக வாசித்துக்கொண்டு போனால் நமக்கு ரொம்பப் பழக்கமான ஓர் இடம் கண்முன்னே எழுந்து வரும். குழாய்த் தண்ணீர், மின்சாரம், ஒழுகாத கூரை, வடிகால், கழிப்பறை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை, மருந்து கொடுக்க ஆஸ்பத்திரி, வாரம் ஒருமுறை வீடுகளைப் பார்த்துப் போக ஓர் ஆள். 'லயம்' என்ற சொல்லைச் சொல்லாமலேயே அந்தச் சட்டம் லயத்தை வரைந்து காட்டுகிறது.

நான் வாசித்த தோட்டக் கதைகளில் துரை இருக்கிறார், கங்காணி இருக்கிறார், கள்ளுக்கடை இருக்கிறது, அதிகாலைப் பெரட்டு இருக்கிறது. லயத்துக்கு முன்னால் ஓடும் லொங்கான் மட்டும் அநேகமாகப் பின்னணியிலேயே கிடக்கிறது. மழையில் நிரம்பும், நாற்றம் அடிக்கும், கதாபாத்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். அந்த லொங்கானை வெட்டியது யார், அது அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்யவேண்டியது யார் என்று கதை கேட்பதில்லை. சட்டம் கேட்டது. நூறு வருடத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆனால் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு பதிலை வைத்துக்கொண்டது. அந்தப் பதில்கள் எப்படி மாறின என்பதைத்தான் இங்கே எழுதிப்பார்க்கிறேன். கிள்ளானிலிருந்து தொடங்குவது வசதி. இந்தக் கதை சுற்றிச் சுற்றி அந்த ஊருக்கே வருகிறது.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் வட்டார அரசாங்க டாக்டராக வந்து சேர்ந்தார். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கிள்ளான் ஊரே காய்ச்சலில் கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பக்கத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். சதுப்பு நிலத்தை அரைகுறையாக வெட்டித் திறந்த துறைமுகம். சில வாரங்களிலேயே அங்கே வேலை செய்தவர்கள் கூட்டங்கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். துறைமுகத்தை மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

கொய்னா மாத்திரையோடு வாட்சன் நின்றுவிடவில்லை. சதுப்பை வடிக்கச் சொன்னார். கால்வாய் வெட்டி, காட்டை அழித்து, தண்ணீர் தேங்காமல் செய்தார்கள். அடுத்த ஆண்டே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. கொசுவை ஒழித்து மலேரியாவைக் கட்டுப்படுத்திய உலகின் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்றாகக் கிள்ளானையும் போர்ட் சுவெட்டன்ஹமையும் மருத்துவ வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

அந்தக் கால்வாய்களுக்குச் செலவழித்தது அரசாங்கம். ஆனால் அதே வருடங்களில் கிள்ளானைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. தோட்டம் தனியார் நிலம். அதற்குள் கால்வாய் வெட்டவேண்டியது யார்? நம் கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

தோட்ட முதலாளிகளிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் இருந்தது. கூலிகளின் பழக்கவழக்கம் சரியில்லை, அவர்கள் அழுக்கானவர்கள், ஊரிலிருந்தே நோயைக் கொண்டு வருகிறார்கள். காலனிய ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு இந்தத் தொனி புதிதல்ல. இந்தப் பதிலை மலையடிவாரத்து ஓடைகள் பொய்யாக்கின. அந்தப் பாடத்தையும் விரிவாக எழுதி வைத்தவர் வாட்சன்தான்.

கடலோரத்துச் சமவெளித் தோட்டங்களில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலஸ் அம்ப்ரோசஸ் கொசு, காட்டு நிழலில் தேங்கிய தண்ணீரில் வளர்வது. காட்டை வெட்டிக் கால்வாய் போட்டால் அது ஒழிந்தது. மலைப்பாங்கான தோட்டங்களிலும் இதையே செய்தார்கள், காய்ச்சலோ கூடியது. அங்கே வேலையைக் காட்டியது அனோபிலஸ் மாகுலேட்டஸ் என்ற வேறொரு கொசு. அது வெயில் படும், தெளிந்த, மெல்ல ஓடும் நீரில் முட்டையிடுவது. காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் கிடந்தன. ரப்பர் நடுவதற்காகக் காட்டை மொட்டையடித்ததும் ஓடையில் வெயில் விழுந்தது, கொசு வந்தது. அதாவது நோய் வந்த இடம் லயத்துக் குப்பை அல்ல. பார்த்தால் அள்ளிக் குடிக்கலாம் போலிருக்கும் சுத்தமான தண்ணீர். அந்த ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டது தோட்டத்தை உருவாக்கிய முதலீடு.

இந்த ஒரு விஷயத்தை நான் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். 'சுகாதாரம்' என்றதும் கண் குப்பையைத் தேடுகிறது, பிறகு குப்பைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைத் தேடுகிறது. மலைத்தோட்டத்து ஓடையில் அழுக்கும் இல்லை, குற்றம் சாட்ட ஆளும் இல்லை. அங்கே நடந்தது நிலத்தின் சொந்தக்காரர் நிலத்துக்குச் செய்தது. அதைச் சரிசெய்ய நிலத்துக்கடியில் குழாய் பதித்து ஓடையை மூடவேண்டும், அல்லது வாராவாரம் தண்ணீர்மேல் எண்ணெய் தெளிக்கவேண்டும். இரண்டுமே ஒரு தொழிலாளி வாளியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு செய்துவிடக்கூடிய வேலை அல்ல.

கொக்கிப்புழு விஷயமும் இப்படித்தான். 1915இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை அனுப்பிய ஒரு மருத்துவக் குழு மலாயா, ஜாவா, பிஜி ஆகிய இடங்களில் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. கொக்கிப்புழு மலத்தின் வழியாக மண்ணுக்கு வந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறுகிறது. ரத்தம் குறைந்து ஆள் சோர்ந்து போவான். துரை அவனைச் சோம்பேறி என்பார். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம், ஆனால் கழிப்பறை இல்லாத தோட்டத்தில் அதே மண்ணில்தான் மறுநாளும் நடக்கவேண்டும். கக்கூஸ் கட்டிக்கொடுப்பது யார் பொறுப்பு என்று தீர்மானமாகாதவரை மருந்துக்கு அர்த்தமே இல்லை.

சட்டம் மெல்ல மெல்ல முதலாளியை நோக்கித் திரும்பியது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912இல் ஒரு தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அதைவிட விரிவாக 1923இல் இன்னொன்றும் வந்தன. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்ப்பள்ளி வரலாற்றின் மூலமாக நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று சொன்னது அதுதான். குடியிருப்பு, நல்ல தண்ணீர், கழிவு ஏற்பாடு, மருத்துவ வசதி ஆகியவற்றை முதலாளியின் கடமையாக வைத்ததும் அதே சட்டம்தான். பள்ளிக்கூடத்தைக் கொண்டாடுகிறோம், கக்கூஸை மறந்துவிட்டோம்.

கருணையால் மட்டும் இந்தச் சட்டம் வரவில்லை. 1910ஆம் ஆண்டோடு ஒப்பந்தக்கூலி முறையில் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது முடிவுக்கு வந்திருந்தது. கங்காணி மூலம் வருபவர்கள் சட்டப்படி சுதந்திரமானவர்கள், ஊரில் போய்த் தோட்டத்தைப் பற்றிச் சொல்லக்கூடியவர்கள். 1922இல் இந்தியா தன் குடியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நிலைமை பிடிக்காவிட்டால் ஆள் அனுப்புவதையே நிறுத்தும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. மலாயாவில் இந்திய அரசின் ஏஜெண்ட் ஒருவர் உட்கார்ந்து, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்து ஆண்டறிக்கை எழுதினார். காய்ச்சலில் கிடப்பவன் பால் வெட்டமாட்டான் என்ற கணக்கும் இருந்தது. ஆக, லயத்தின் சுத்தம் என்பது உழைப்பு வந்துகொண்டே இருப்பதற்கான செலவு. சட்டத்தில் அந்தச் செலவுக்குப் பெயர் 'கடமை'.

கடமை ஏட்டில் முதலாளிக்கு. தோட்டத்தில் அது எப்படி நடந்தது என்பதை நான் என் அப்பாயியிடமிருந்து கேட்டேன். காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர்.

"வாரத்துல ஒரு நாளு டிரஸ்ஸரு லயம் பாக்க வருவாரு. மொத நாளே கங்காணி வந்து கத்திட்டுப் போயிருவாரு. வெட்டு முடிஞ்சு வந்து, சோறுகூடத் திங்காம லொங்கானக் கழுவணும். எங்க வாசலுக்கு நேரா அழுக்கு நின்னா எங்க பேரத்தான் எழுதுவாங்க. மேல இருந்து வர்ற தண்ணியில அடிச்சுட்டு வந்தாலும் எங்க பேருதான்."

"கக்கூசு கதவு ஒடஞ்சிருந்தா யாரு பேர எழுதுவாங்க?" என்று கேட்டேன்.

"அத எதுக்கு எழுதுறாங்க?" என்றார்.

இந்தப் பதிலில் முழு வரலாறும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வாராந்திரப் பார்வை என்ற ஏற்பாட்டின் நோக்கம், முதலாளி தன் கடமையைச் செய்கிறாரா என்று கவனிப்பது. பார்வையிட வருகிறவரோ முதலாளியிடம் சம்பளம் வாங்குகிற டிரஸ்ஸர். அவரால் துரையின் பெயரை நோட்டில் எழுதமுடியாது. அதனால் நோட்டு திசை மாறி, லயத்துப் பெண்களைக் கண்காணிக்கும் கருவியாகிவிட்டது. கடமை சட்டத்திலிருந்து கிளம்பி, துரை, கிராணி, டிரஸ்ஸர், கங்காணி என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் விடியலுக்கு முன்பே எழுந்து பெரட்டுக்கு ஓடிய ஒரு பெண்ணின் துடைப்பத்தில் வந்து நின்றது. சம்பளம் இல்லாத இன்னொரு வேலை.

இதை அன்றைய தொழிலாளர்கள் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் அதற்குப் பின்னால் இருந்தது. கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. அதோடு முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது, உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியவையும் இருந்தன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

கடைசிக் கோரிக்கையை மறுபடி பாருங்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதற்கு எதற்கு உரிமை கேட்கவேண்டும்? ஏனென்றால் அது அவர்கள் வீடு இல்லை. தோட்டத்து வாசல் துரையுடையது. தண்ணீரும் கழிப்பறையும் கொடுக்கவேண்டியது முதலாளி என்று எந்தச் சொத்துரிமை சொன்னதோ, அதே சொத்துரிமைதான் உன் மாமன் உள்ளே வரலாமா என்றும் தீர்மானித்தது. முதலாளியின் கடமையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வாங்கிக்கொள்ள முடியாது. கூடவே அவருடைய வாசற்கதவும் வரும்.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த முடிச்சு வேறுவிதமாக இறுகியது. நாடு முழுக்கக் கிராமப்புற மேம்பாடு நடந்தது. கம்பத்துக்குச் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் போயின. தோட்டம் தனியார் நிலம், அங்கே வசதி செய்யவேண்டியது முதலாளி என்று அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டது. முதலாளியோ சட்டம் சொல்லும் குறைந்தபட்சத்தோடு நின்றுகொண்டார், அதுவும் பார்த்தால்தான். 1966இல் வந்த குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 446ஆம் சட்டமும் அந்தக் குறைந்தபட்சத்தை உயர்த்தப் பார்த்தன. ஆனால் இரண்டும் பொறுப்பை வைத்த இடம் ஒன்றுதான்: வேலை கொடுப்பவர். குழாய்த் தண்ணீர் வரவேண்டியது உனக்கு, நீ அவரிடம் வேலை செய்வதால். வேலை இல்லையென்றால்?

அந்தக் கேள்விக்கான பதிலைத் தோட்டத் துண்டாடல் காட்டியது. 1950களின் பிற்பகுதியிலிருந்து வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது லயங்களில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்கள் பங்குப்பணம் கட்டித் தாங்களே தோட்டம் வாங்க வழி செய்தது இதனால்தான். பிறகு 1980களிலும் 90களிலும் இன்னொரு அலை. பள்ளத்தாக்குத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. புதிய சொந்தக்காரர் வீடமைப்பாளர், அவர் யாருக்கும் பால்வெட்டு வேலை தரவில்லை. ஆகவே அவர் 'முதலாளி' அல்ல, ஆகவே லயத்துக் கழிப்பறை அவர் கடமை அல்ல. மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்களுக்கு ஒரே நாளில் 'தொழிலாளி' என்ற பெயர் போய் 'அத்துமீறிக் குடியிருப்பவர்' என்ற பெயர் வந்தது. குப்பை எடுக்க ஆள் வராது, குழாய் உடைந்தால் சரி பார்க்க ஆள் இல்லை. அப்புறம், "எவ்வளவு அசுத்தமான இடத்தில் இருக்கிறார்கள் பாருங்கள், காலி செய்வதுதான் நல்லது" என்ற பேச்சு வரும். பராமரிக்காமல் விட்டதால் வந்த அழுக்கே, வெளியேற்றுவதற்கான காரணமாக மாறும்.

சட்டத்தில் பொறுப்பாளிக்கு மூன்று பெயர்கள் உண்டு என்பதை இங்கேதான் கவனித்தேன். முதலாளி, சொத்தின் உரிமையாளர், குடியிருப்பவர். தோட்டச் சட்டம் முதலாளியைப் பிடித்துக்கொண்டது. நகரத்துச் சட்டங்கள், உதாரணத்துக்கு நோய்பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரையும் குடியிருப்பவரையும் சேர்த்தே பேசுகின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சுகாதார அதிகாரி கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் குடியிருப்பவர்தான். உரிமையாளர் வேறெங்கோ இருப்பார். பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதம் உடனே வந்துவிடும். அடுக்குமாடியின் பொதுச் சாக்கடை மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தால் கடிதப் போக்குவரத்து நடக்கும். பொறுப்புக்குத் தண்ணீரின் குணம். எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும்.

இனி மறுபடி கிள்ளான். 446ஆம் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. தோட்டம், சுரங்கம் என்ற எல்லையை விட்டு எல்லாத் துறைகளின் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. 2020 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. தங்குமிடத்துக்குச் சான்றிதழ் வாங்காத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். அதே ஆண்டு நவம்பரில் கிள்ளான் வட்டாரத்து மேருவில் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே கோவிட் பரவி, 5,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. தங்குமிட நெரிசல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சிங்கப்பூரில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இது நடந்துவிட்டிருந்தது. அங்கே பெரிய விடுதிகளுக்கென்று 2015லேயே தனிச்சட்டம் இருந்தும், 2020 முடிவதற்குள் விடுதித் தொழிலாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அந்நாட்டு அரசே சொன்னது. அந்த விடுதிகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்களும் கணிசமாக இருந்தார்கள். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹமில் கப்பல் சாமான் இறக்கியவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே நூற்றிருபது வருடம். நோய் வேறு. ஆள்களை அடைத்துவைத்த கணக்கு அதேதான்.

அப்போது நான் வேலை செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனத்திலும் தங்குமிடச் சோதனை வரப்போவதாகச் செய்தி வந்தது. முதல் நாள் மாலை விடுதிச் சுவரில் வங்காளத்திலும் நேப்பாளியிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். கழிப்பறையைச் சுத்தமாக வைக்காதவர் சம்பளத்தில் பிடிப்பு. இருபத்து நான்கு பேருக்கு இரண்டு கழிப்பறை என்பதைப் பற்றி அறிவிப்பில் ஒன்றும் இல்லை. அப்பாயி சொன்ன டிரஸ்ஸர் நோட்டு மொழி மாறி அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது உடன் வேலை செய்த தமிழ் அண்ணன் ஒருவர் சொன்னார்: "இவனுங்க பழக்கமே அப்படித்தான் தம்பி, எவ்ளோ செஞ்சு குடுத்தாலும் இப்படித்தான் வச்சுக்குவானுங்க." அவருடைய அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர்.

எனக்கு அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. நம் தாத்தா பாட்டியைப் பற்றித் துரைமார் சொன்ன அதே வாக்கியம். நாம் லயத்தைவிட்டு வெளியே வந்துவிட்டோம், வாக்கியம் நம்மோடேயே வெளியே வந்துவிட்டது. தோட்டத்தைப் பற்றி இத்தனை கதையும் கவிதையும் எழுதிய பிறகும் நமக்கு இது நடக்கிறதென்றால், துயரத்தை நினைவு வைத்துக்கொண்ட அளவுக்கு அந்தத் துயரம் எப்படி ஏற்பாடு செய்யப்பட்டது என்பதை நாம் நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். லயத்து நாற்றம் நினைவிருக்கிறது. அந்த நாற்றத்துக்குச் சட்டப்படி ஒரு பொறுப்பாளி இருந்தார் என்பது நினைவில் இல்லை.

சட்டம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை. பொறுப்பு வேலையோடு மட்டும் கட்டப்பட்டிருக்கும்வரை, வேலை போனால் தண்ணீரும் போகும். பார்வையிடுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பவரே பார்வையிடப்படுபவராக இருக்கும்வரை நோட்டில் கீழே உள்ளவர் பெயர்தான் ஏறும். ஆனால் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. ஒரு கழிப்பறை கெட்டுக் கிடந்தால், யார் அசுத்தமானவர் என்று அது கேட்கவேண்டியதில்லை. யார் கட்டிக்கொடுத்திருக்கவேண்டும், எத்தனை கட்டியிருக்கவேண்டும், கட்டினாரா என்று கேட்டால் போதும். முதல் கேள்வி மனிதரைப் பார்க்கிறது, இரண்டாவது கேள்வி கணக்கைப் பார்க்கிறது.

வீட்டில் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்கள் இன்னும் இருந்தால், அவர்களிடம் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளைக் கேட்டுப்பாருங்கள். எத்தனை வீட்டுக்கு ஒரு பைப்படி? ஜாம்பான் லயத்திலிருந்து எவ்வளவு தூரம்? கதவு இருந்ததா? இருட்டில் பெண்கள் எப்படிப் போனார்கள்? ஓடையில் எண்ணெய் அடிக்க யார் வருவார்? லொங்கானை யார் கூட்டினார்கள், அதற்குப் பேர் போட்டார்களா? பெரும்பாலும் முதலில் சிரிப்பார்கள், இதையெல்லாம் எதற்குக் கேட்கிறாய் என்பார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். அவற்றைத் தேதியோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதி வையுங்கள். நம் இலக்கியத்துக்கு அது பின்னணியாக மட்டும் போதாது. அடுத்த விடுதிச் சோதனைக்கு முதல் நாள் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பை எப்படி வாசிக்கவேண்டும் என்று கற்றுக்கொள்ளவும் அது நமக்குத் தேவை.